அந்தப் பாட்டை நிறுத்தியிருக்க வேண்டாம், அண்ணா

அண்ணா,

அமெரிக்க சோல் பாடகி அரீதா பிராங்க்ளின் இறந்த நாள், ஆகஸ்ட் 16, வந்துவிட்டது. காலையிலேயே நீங்கள் அவருடைய 1967ஆம் வருட ஆல்பத்தைப் போட்டிருப்பீர்கள். நான் 1985இல் வந்த அவருடைய 'ஹூஸ் ஜூமின் ஹூ' ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுதியே விடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

பொதுவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் நீங்கள் ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவீர்கள், எனக்கு வாயடைத்துப் போகும். வேறு வழி தெரியவில்லை.

2018இல் அவர் இறந்த வாரம் உங்கள் வீட்டில் ஆளுக்கொரு பாட்டு போட்டோமே. என் முறையில் இந்த 85 ஆல்பத்தின் 'ஃப்ரீவே ஆஃப் லவ்'. கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் வருவதற்குள் எழுந்து வந்து நிறுத்தினீர்கள். "துக்கத்துக்கு டிஸ்கோவா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பட்டனில் இருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றீர்கள். அந்த வருடம் உங்கள் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும், இதைப் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டாம். அரீதாவின் சோகப் பாட்டுகள்தான் உங்களைத் தாங்கின என்பதும் தெரியும். அதனால்தான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் குரல் உங்களுக்கு மட்டுமா சொந்தம்?

சின்தசைசரும் டிரம் மெஷினும் ஒரு சோல் பாடகியைக் கெடுத்துவிட்டன என்பது உங்கள் கட்சி. 1979இன் 'லா திவா' ஆல்பத்தைப் பற்றிச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். அதில் டிஸ்கோ முன்னால் ஓடுகிறது, அவர் துரத்துகிறார். 85இல் கதையே வேறு. விமானம் ஏறுவதையே அவர் விட்டுவிட்டதால், தயாரிப்பாளர் நாராடா மைக்கேல் வால்டன் இசைத் தடங்களைத் தூக்கிக்கொண்டு டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அரீதா, தாளம் அடித்துக்கொண்டே போகட்டும் என்று விட்டுவிட்டு, வரியைக் கொஞ்சம் தாமதித்து எடுக்கிறார். பின்பாட்டுக்காரர்கள் ஒன்று சொன்னால் இவர் ஒன்று சொல்கிறார். போதகரான அப்பாவின் சர்ச்சில் பழகிய பாட்டு அது, அண்ணா. வேறு எங்கிருந்தும் வரவில்லை.

அந்த அப்பாவைத்தான் 1979 ஜூனில் சுட்டார்கள். ஐந்து வருடம் நினைவில்லாமல் கிடந்து 1984 ஜூலையில் இறந்தார். அடுத்த வருடமே, 43 வயதில், பிங்க் கேடிலாக் காரில் போகலாம் வா என்று 'ஃப்ரீவே ஆஃப் லவ்'வில் பாடுகிறார் மகள். அழுதால்தான் சோல் என்று யார் எழுதினாலும் நான் ஏற்க மாட்டேன். வலியை மட்டும் பாடு, சந்தோஷம் உனக்கு ஆகாது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது விமர்சனமா?

அந்தப் பாட்டுக்கு அமெரிக்கப் பாடல் பட்டியலில் 3ஆம் இடம், கிராமி விருது, ஆல்பத்துக்கு விற்பனையில் பிளாட்டினம் எல்லாம் சாட்சி ஆகாது என்பீர்கள். சரி, விடுங்கள். 2018 ஆகஸ்ட் 31 அன்று டெட்ராய்ட்டில் அவருடைய இறுதிச் சடங்குக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிங்க் கேடிலாக்குகள் வரிசை கட்டி வந்தன. அவருடைய ஊர்க்காரர்கள் துக்கத்துக்கு எடுத்துக்கொண்ட பாட்டு அது. நீங்கள் நிறுத்திய அதே பாட்டு.

அரீதாவை எனக்குத் தந்ததே நீங்கள்தான். மூச்சு எடுக்கும் இடத்தைக்கூடக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தக் காதால்தான் இதையும் கேட்கிறேன். நீங்களோ வருடாவருடம் போடும் பட்டியலை 1972இன் 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தோடு மூடிவிடுகிறீர்கள். அதைப் படிக்கும் பிள்ளைகள் அதற்கப்புறம் அவர் பாடவே இல்லை என்றுதானே நினைப்பார்கள்?

பதில் எழுதுவதாக இருந்தால் பொதுவிலேயே எழுதுங்கள். அன்றைக்கும் எல்லோர் முன்னாலும்தான் நிறுத்தினீர்கள்.