லானுக்குக் குருணை மருந்து போடும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆரணியிலிருந்து அப்பா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று படங்களையும் நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். லானில் பழுப்புத் திட்டு, செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளைப் பஞ்சு, கடையில் வாங்கி வந்த குருணை பாக்கெட். அந்த ஒரே பாக்கெட் இரண்டுக்கும் ஆகாது. இதைப் படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்காதே.

தெளிக்கிற மருந்து பெரும்பாலும் இலைமேல் நிற்கும். ஊடுருவும் குருணை அப்படியில்லை. துகளில் ஏற்றியிருக்கும் மருந்து தண்ணீர் பட்டதும் கரைந்து மண்ணில் இறங்கும், வேர் அதை உறிஞ்சும், சாற்றோடு இலை, பூ வரை ஏறும். செடிக்குள் இருப்பதை மழையும் கழுவாது, நீ குழாயடியில் அலசினாலும் போகாது. ஆகவே உன் வீட்டுத் தோட்டத்தில் எதையெல்லாம் பறித்துச் சாப்பிடுகிறீர்கள், தலையில் வைக்கிறீர்கள், சாமிக்குப் போடுகிறீர்கள் என்று முதலில் கணக்கெடு.

லான் ஓரத்தில் கறிவேப்பிலை நிற்கிறதே, அதன் வேர் எதுவரை போயிருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டாம். புல்லுக்கு நடுவே பக்கக் கன்று எங்கே எட்டிப் பார்க்கிறதோ குறைந்தது அதுவரை வேர் இருக்கிறது. அந்தப் பக்கம் குருணை விழவே கூடாது. துளசி, கற்பூரவல்லி, முருங்கைக்கும் அதே கட்டுப்பாடு. இன்னொன்று பலருக்கு உறைப்பதில்லை: லான் புல்லில் பெரும்பாலும் அருகம்புல் கலந்திருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு அக்கம்பக்கத்தார் வந்து கிள்ளிக்கொண்டு போவார்கள், சிலர் சாறு எடுத்துக் குடிப்பார்கள். மருந்து போட்ட லானில் அதற்கு இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடு. வெட்டின புல்லைப் பால்காரர் மாட்டுக்கும் கொடுத்துவிடாதே.

இப்போது பாக்கெட். பெயரைவிட முதலில் முக்கோணத்தைப் பார்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசி பச்சை. பச்சை என்றாலும் மருந்து மருந்துதான். நீ வாங்கியது குளோரான்ட்ரானிலிப்ரோல் 0.4 சதவீதக் குருணை. இது புழுவுக்கானது, செம்பருத்தியில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை ஒன்றும் செய்யாது. யாராவது பழைய ஸ்டாக் போரேட் கொடுத்தால் வாங்காதே, 2020 டிசம்பர் 31 முதல் அது தடை. கார்போபியூரான் குருணையும் வீட்டு வாசலுக்கு வேண்டாம். பறவைகள் அதைத் தீனி என்று கொத்திச் செத்ததால்தான் அமெரிக்காவில் அந்தக் குருணையை 1990களிலேயே ஏறக்குறைய முழுவதும் நிறுத்தினார்கள்.

உன் பாக்கெட்டில் நெல், கரும்பு என்றுதான் அச்சடித்திருக்கிறது, லான் என்று இல்லை. லேபிளில் இல்லாத இடத்தில் போடலாமா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன, உங்கள் சத்துவாச்சாரியிலிருந்து பெரிய தூரமில்லை. அவர்களிடம் கேள். அதற்கு முன் லானில் வேர் தின்னும் புழு இருக்கிறதா என்று உறுதி செய்.

பழுப்புத் திட்டின் விளிம்பில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழு. தண்ணீர் போதாமல் காய்ந்த புல் அசையாது. வேர்ப்புழு தின்ற புல் பாயைச் சுருட்டுவதுபோல எழுந்து வரும், அடியில் வேரே இருக்காது. காகமும் மைனாவும் ஒரே இடத்தைக் கிளறினாலும் சந்தேகப்படு. கத்தியால் ஒரு அடிக்கு ஒரு அடி மூன்று பக்கம் அறுத்து, போர்வை மாதிரி மடித்து, மூன்று அங்குல ஆழம்வரை விரலால் துழாவு. வெள்ளை உடல், பழுப்புத் தலை, வளைந்து படுத்திருக்கும். இப்படி நாலு இடத்தில் எண்ணு. சதுர அடிக்கு ஐந்துக்குக் கீழே என்றால் தண்ணீரும் கொஞ்சம் உரமும் போதும், புல் தானே தேறும். பத்தை நெருங்கினால்தான் மருந்துப் பேச்சு.

காலமும் முக்கியம். நம் பக்கம் கோடை மழை இரண்டு பெய்ததும் இந்த வேர்ப்புழுவின் தாய் வண்டு மண்ணிலிருந்து கிளம்பும், இருட்டியதும் வேம்பிலும் முருங்கையிலும் மொய்க்கும், பிறகு மண்ணில் முட்டையிடும். குஞ்சுப் புழுவாக இருக்கும் ஜூன் கடைசி, ஜூலையில் போட்டால் கேட்கும். ஐப்பசியில் கொழுத்த புழுவைப் பார்த்துப் பதறிப் போட்டால் காசு மண்ணுக்குப் போகும். வண்டு மொய்க்கும் இரவில் கிளையை உலுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளியில் தட்டிவிடுவது மருந்தைவிட நல்ல வேலை. மட்காத சாணியை லானில் கொட்டியிருந்தால், புழுவுக்கு நீயே விருந்து வைத்த மாதிரி.

போடச் சொன்னார்கள் என்றால் அளவை அவர்களிடமே எழுதி வாங்கு. கணக்கு போடும் விதம் இது: நெல்லுக்கு ஏக்கருக்கு 4 கிலோ என்பது சென்ட்டுக்கு 40 கிராம், சதுர மீட்டருக்கு ஒரு கிராம். உன் லான் இருபதுக்குப் பதினைந்து அடி, அதாவது 28 சதுர மீட்டர். இந்தக் கணக்கில் 28 கிராம்தான் வரும்! ஒரு கிலோ பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் 28 கிராமோடு நிறுத்துவதில்லை, தவறு நடப்பதே இங்கேதான். ஸ்பூன் கணக்கு வேண்டாம், எடை போடு. சமையலறைத் தராசு கூடாது. எடுத்ததை இரண்டு கிலோ உலர்ந்த மணலில் கலந்து இரண்டு பங்காக்கு. ஒன்றை நீளவாக்கில், மற்றதைக் குறுக்குவாக்கில் தூவு.

முந்தின நாளே புல்லைக் கத்தரித்து, காய்ந்த சருகை வாரிவிடு. தூவும்போது இலை உலர்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் குருணை புல் தாளில் ஒட்டிக்கொண்டு மண்ணுக்கு இறங்காது. ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, மூடிய செருப்பு. காற்று அடித்தால் அன்றைக்கு விட்டுவிடு. தூவி முடித்ததும் சிமெண்ட் நடைபாதையில் சிதறியதைத் துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளு, குழாய் வைத்துக் கழுவாதே. பிறகு சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர் கணக்கில், மொத்தம் 280 லிட்டர், பூவாளி மாதிரி மெதுவாக விடு. தண்ணீர் தேங்கி ஓடினால் நிறுத்தி, ஊறியதும் மறுபடி விடு. பேரனும் நாய்க்குட்டியும் இரண்டு நாள் லானில் கால் வைக்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை புல்லைப் பற்றியல்ல. உங்கள் சம்ப் லானுக்குள்தானே புதைந்திருக்கிறது? மூடியைச் சுற்றி விரிசல் இருந்தால் முதலில் சிமெண்ட் பூசு, மூடியைச் சுற்றி ஆறடி குருணை வேண்டாம். மழைநீர் சேகரிப்புக் குழியையும் மறக்காதே. கூரைத் தண்ணீரோடு வாசல் தண்ணீரும் அதில் இறங்கினால், மருந்தை போர்வெல்லுக்கு நாமே வழிகாட்டி அனுப்புகிறோம். பெருமழை வரும் என்று தெரிந்தால் போடாதே. சாக்கடை வழியே ஏரிக்குப் போனால் நீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கு இந்த மருந்து கடும் நஞ்சு.

செம்பருத்திக்கு எந்தக் குருணையும் வேண்டாம், அந்தப் பூவையும் இலையையும் எண்ணெயில் காய்ச்சுகிறாய். பஞ்சு பிடித்த நுனியை வெட்டிப் பையில் கட்டிப் போடு, மீதியைத் தண்ணீர் பீச்சித் தள்ளு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளி. வாரம் ஒருமுறை, மூன்று தடவை. எறும்பு ஏறுவதைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது 2010இல் கொண்டுவந்து விட்ட சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான். மருந்தடித்தால் முதலில் சாவது அந்த மாதிரிக் குளவி.

குரோட்டன்ஸ் போல யாரும் பறிக்காத செடியில் செதில்பூச்சி பிடித்து, இமிடாகுளோபிரிட் வகைக் குருணை போடச் சொன்னால், தண்டை ஒட்டிப் போடாதே. கிளை நுனிக்கு நேர் கீழே இரண்டு அங்குல ஆழத்தில் வட்டமாகக் கீறி, தூவி, மண்ணால் மூடி, தண்ணீர் ஊற்று. பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். பொறுமையில்லாமல் மறுமுறை போட்டால் இலை ஓரம் கருகலாம். சித்திரை வெயிலில் வாடி நிற்கும் செடி மருந்தை இழுக்காது. இட்லிப்பூ மாதிரி தேனீ வரும் செடிக்கு இந்த வகை வேண்டாம், தேனிலும் மகரந்தத்திலும் மருந்து ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளியில் இதைத் தடுத்ததே அதனால்தான். செஞ்சிலந்திக்கு இது கேட்கவே கேட்காது.

மீந்ததை அதே பாக்கெட்டில் கட்டி, பூட்டுள்ள இடத்தில் உயரத்தில் வை. ஊறுகாய் பாட்டிலில் கொட்டினால் ரவை மாதிரி இருக்கும். கையுறையைக் கழற்றும் முன் சோப்பு போட்டுக் கழுவு, அன்றைய துணியைத் தனியாகத் துவை. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே, 108ஐக் கூப்பிடு, பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போ.

மாப்பிள்ளைக்கு ஞாயிறு லீவுதானே? அவரை விட்டு லானை நாலு இடத்தில் அறுத்துப் பார்க்கச் சொல். இரண்டு புழுவை மண்ணோடு டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வை, திங்கட்கிழமை விரிஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போகலாம். எத்தனை புழு என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அப்பா