ஒரு தடவை, இரண்டு கண்ணையும் திறக்கச் சொல்லுங்கள்

பள்ளிக் கண் பரிசோதனை முகாம்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். முகாம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆறு மீட்டர் தள்ளி அட்டை, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடு, வாசி, மறு கண்ணை மூடு, வாசி, அடுத்த பிள்ளை வா. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் போன வாரம் நாலாவது வருடமாக இது நடந்தது. நாலு வருடமும் ஒரே முடிவுதான்: வலது 6/6, இடது 6/6, குறை இல்லை.

குறை இருக்கிறதுங்க. அவள் படிக்க உட்கார்ந்தால் இடது கையால் நெற்றியைத் தாங்கிக்கொள்வாள், கொஞ்ச நேரத்தில் விரல்கள் சரிந்து இடது கண்ணை மூடியிருக்கும். தூங்கி வழிகிறாள் என்று நினைத்து அந்தக் கையை நான் தட்டிவிட்டிருக்கிறேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்காக. இரண்டு கண்ணாலும் படித்தால் பத்து நிமிடத்தில் ஒரு வரி இன்னொரு வரிமேல் ஏறிக்கொள்ளுமாம், தலை வலிக்குமாம். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்ததால் அவள் யாரிடமும் சொல்லவே இல்லை. மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று எழுதி வந்தது, நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஒரு கண்ணை மூடினால் அவளுக்கு எழுத்து நகராமல் நிற்கும். முகாமில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு படி என்கிறீர்கள். அப்புறம் அவள் ஏன் தேறமாட்டாள்!

இரண்டு மாதம் முன்பு வெளியே ஒரு ஆப்டோமெட்ரிஸ்டிடம், அதாவது பார்வையைப் பரிசோதிக்கும் நிபுணரிடம், காட்டினோம். அவர் ஒரு பேனாவை அவள் மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தார். பேனா மூக்குக்குப் பக்கத்தில் வரும்வரை இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்ப வேண்டுமாம். இவளுக்குப் பாதி வழியிலேயே இடது கண் விட்டுவிட்டு வெளியே ஓடியது. என் கண்ணுக்கே தெரிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. கன்வெர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி, அதாவது கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் ஒன்றாகக் குவியாத குறை என்றார். ஒவ்வொரு கண்ணும் தனியாக நன்றாகவே பார்க்கும், சேர்ந்து வேலை செய்வதில்தான் தகராறு.

இது ஏதோ அபூர்வமான நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் நகரம், கிராமம் இரண்டிலும் 7 முதல் 17 வயது வரையுள்ள 920 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்ததில், ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இரு கண் பார்வையில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. அதிலும் அதிகம் பேருக்கு இருந்தது இதே குறைதான். வைத்தியமும் இருக்கிறது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்தக் குறைக்காக 12 வாரம் நேரில் போய்க் கண் பயிற்சி எடுத்த பிள்ளைகளில் 73 சதவீதம் பேருக்குக் குணமோ நல்ல முன்னேற்றமோ தெரிந்தது. பயிற்சி எடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று நான் சொல்லவில்லை, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதித்த பிந்தைய ஆய்வில், போலிப் பயிற்சியைவிட இதில் கூடுதல் பலன் தெரியவில்லை. தலைவலி இல்லாமல் ஒரு பாடத்தைப் படித்து முடிக்கட்டும், எனக்கு அது போதும்.

போன வார முகாமுக்கு நானே நேரில் போனேன். அந்தப் பேனா சோதனையையும் செய்து பாருங்கள், மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்றேன். அங்கே இருந்தவர் பாவம், நல்ல மனிதர். "படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைங்கம்மா" என்றார். சரி, அவர் என்ன செய்வார். அப்பா பெயருக்குக் கட்டம் இருக்கிறது, வகுப்புக்கு, பிரிவுக்கு, தலைமை ஆசிரியர் முத்திரைக்குக் கட்டம் இருக்கிறது. கண் பரிசோதனைப் படிவத்தில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு கட்டம் கேட்பதுதான் அதிகப்படி போலிருக்கிறது. பேனா வாங்க நிதி இல்லையென்றால் சொல்லுங்கள், ஒரு டஜன் வாங்கித் தருகிறேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு, அதனால் எல்லாப் பழியையும் உங்கள்மேல் போட மாட்டேன். மாறுகண்ணாவது வெளியே தெரிகிறது. இவளுடையது வெளியே தெரியாத குறை, தேடினால்தான் அகப்படும், தேடுகிற வேலை உங்களுடையது.

கேட்பது ஒன்றுதான். வலது, இடது என்ற இரண்டு வரிக்குக் கீழே 'இரு கண்' என்று மூன்றாவதாக ஒரு வரி சேருங்கள். பேனாவை மூக்குவரை கொண்டுவரும் சோதனையையும், ஒரு கண்ணை மறைத்து எடுத்துக் கண் நகர்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் முகாமுக்கு வருபவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் அனுப்புவது என்பதையும் அந்தப் படிவத்திலேயே அச்சிடுங்கள். அடுத்த கல்வியாண்டுப் படிவம் அச்சுக்குப் போவதற்குள் இதைச் செய்துகொடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாலு வருடம் 'குறை இல்லை' என்று எழுதி வாங்கிய ஒரு மாணவியின் அம்மா