மூன்று ரவிக்கைத் துணி, முப்பது சுருக்குப் பை

அன்புள்ள மீனா,

நேற்றிரவு போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "கொலுவுக்கு முப்பது பேர் வருவார்கள் சித்தி, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிவிடட்டுமா?" என்றாய். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வேறு என்ன கொடுக்கலாம் என்பதை இப்போது எழுதுகிறேன்.

போன வருஷம் எனக்கு வந்த டப்பாக்கள் ஏழு. எல்லாம் பரண்மேல் கிடக்கின்றன. எதை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தனை பேரும் ஆசையாகக் கூப்பிட்டு, குங்குமம் வைத்துக் கொடுத்தவர்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

உன் பீரோவின் கீழ்த்தட்டைப் பார். கல்யாணத்திலிருந்து சேர்ந்த ரவிக்கைத் துணிகள் அடுக்கியிருக்கும்; நிறம் பிடிக்காதவை, எந்தப் புடவைக்கும் ஒத்துவராதவை, அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் போகக் காத்திருப்பவை. அவற்றில் பருத்தியாக மூன்று எடு. கறுப்பு வேண்டாம். பழைய புடவையைக் கிழித்தால் என்ன என்று உனக்குத் தோன்றும். உடுத்திய துணியைச் சுமங்கலிக்கு வைத்துக் கொடுக்கக் கூடாது என்பதில் உன் பாட்டி கண்டிப்பாக இருந்தாள். எனக்கும் அதுவே சரி.

அந்தப் பாட்டியின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப் பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் அதற்குள்தான். நீ தைக்க வேண்டியதும் அதைத்தான், கொஞ்சம் சின்னதாக.

ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 செ.மீ. நீளம் இருக்கும். அகலம் 36 அங்குலம் இருந்தால், 14 அங்குலத்துக்கு 7 அங்குலமாகப் பத்துத் துண்டுகள் தேறும். கத்திரிக்கோலால் முழுக்க வெட்டாதே. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு இரண்டு கையாலும் இழு. பருத்தி இழை பிடித்து நேராகக் கிழிந்துவரும். துண்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, இரு பக்கமும் தை. வாயோரத்தில் ஒன்றரை அங்குலம் மட்டும் தைக்காமல் விடு. அந்தப் பகுதியை வெளிப்பக்கமாக மடித்து, பிசிறு தெரியாமல் விளிம்பை உள்ளே தள்ளி, சுற்றிலும் ஒரு தையல் போட்டால் நாடா போகும் வழி கிடைத்துவிடும். பிறகு பையைத் திருப்பிவிடு. பாவாடை நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி உள்ளே விட்டு, துணிக்கு மேலாகவே விரலால் நகர்த்து. முதல் பையில் ஊக்கு நடுவில் சிக்கும். இரண்டாவதில் கை பழகிவிடும். கையால் தைத்தாலும் ஒரு பைக்கு 20 நிமிடம் ஆகும். கொலுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ராத்திரிக்கு இரண்டு பை தைத்தால் போதும்.

உள்ளே என்ன வைப்பது? வெட்டிவேர். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடைக்குப் போய்க் கேள், இல்லை உன் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் கேள். வேரில் மண் ஒட்டியிருக்கும்; அலசி நிழலில் உலர்த்து. வெயிலில் போட்டால் வாசனை குறைந்துவிடும். அதே சமயம் சென்னையின் புழுக்கத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும், அதனால் இரண்டு மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே பரப்பிவை. வேரை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒரு பிடி போட்டு நாடாவை இழுத்துவிடு. பாலியஸ்டர் என்றால் வாசனை வெளியே வரத் திணறும், கையால் எளிதில் கிழிக்கவும் வராது. அதனால்தான் பருத்தி என்றேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தடை இருக்கிறது. இருந்தும் தாம்பூலத்தை அதில் போட்டுக் கொடுக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். நீ மஞ்சள் துணிப் பையில் கொடு. தேங்காயோடு இந்தச் சுருக்குப் பையும் அதில் அடங்கும்.

போன வருஷம் நான் பதினொன்று தைத்துக் கொடுத்தேன். சித்திரையில் எதிர்வீட்டு மாமி புடவை எடுக்க பீரோவைத் திறந்தபோது, வாசலில் நின்ற எனக்கே வெட்டிவேர் மணத்தது. வாசனை மங்கினால் வேரை வெளியே எடுத்து, தண்ணீர் தெளித்து, உலர்த்தித் திரும்பப் போடுகிறாளாம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். வருகிறவர்களிடம் இதை நீயே சொல்லிக் கொடு.

சனிக்கிழமை காலை வருகிறேன். துணிகளைத் துவைத்துக் காயவைத்திரு. நாடாவும் ஊக்கும் ரங்கநாதன் தெருவில் நானே வாங்கிவருகிறேன். முதல் ஐந்து பைகளை இரண்டு பேருமாகத் தைப்போம்.

அன்புடன்,
உன் சித்தி