கெட்டிக்காரனின் காலை யார் காப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி இறுதியாட்டச் செய்தியில், வென்ற அணியின் பின்களம் எதிரணியின் இடதுபக்க முன்கள வீரரை “அசையவிடாமல் கட்டிப்போட்டது” என்று பாராட்டியிருந்தீர்கள். அந்தப் பிள்ளை இடைவேளைக்கு முன்னரே இரண்டு பேரின் தோளில் தொங்கிக்கொண்டு வெளியே போனதை ஒரு வரியிலாவது எழுதியிருக்கலாம்.

எப்படிக் கட்டிப்போட்டார்கள் என்பதை மைதானத்தைச் சுற்றி நின்ற சனம் முழுவதும் பார்த்தது. கோலுக்கு முதுகைக் காட்டியபடி அவன் பந்தை வாங்குகிறான். உடம்புப் பாரம் முழுவதும் ஊன்றிய காலில் இருக்கிறது. பந்தைத் தட்டிவிட்ட பிறகு, அரைக் கணம் பிந்தி, பின்னாலிருந்து குதிக்காலுக்கு மேலே உதை விழுகிறது. மத்தியஸ்தரின் கண் பந்தோடு போய்விட்டது. அடுத்த முறை வேறொருவர், அதற்கடுத்த முறை மூன்றாமவர். ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்தால் தொடர் குற்றமென்று மஞ்சள் அட்டை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் முறை வைத்து உதைக்கிறார்கள். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் இது ஆட்டத்துக்கு முன்பே பேசி எடுக்கிற முடிவு என்பது தாங்களும் அறிந்ததே.

விதியில் குறை எதுவும் இல்லை. உதைபந்தாட்டத்தின் 12ஆம் விதி தெளிவாகவே சொல்கிறது: கவனக்குறைவு என்றால் அடிபட்ட அணிக்கு நேரடித் தண்ட உதை மட்டும், எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பொருட்படுத்தாத ஆட்டம் என்றால் மஞ்சள் அட்டை, மிதமிஞ்சிய பலத்தைப் பிரயோகித்தால் சிவப்பு. இது எத்தனையாவது நிமிடத்தில் நடந்தது என்று விதி கேட்கவில்லை. ஆனால் இங்கே முதல் 20 நிமிடத்துக்குள் அட்டை எடுத்தால் “ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்” என்று மத்தியஸ்தரை ஏசுகிறார்கள். அவரும் பயந்து வாயால் எச்சரித்து விட்டுவிடுகிறார். அந்த 20 நிமிடம் போதும், ஒருவனை முடமாக்க.

அட்வான்ரேஜ் கொடுப்பதிலும், அதாவது அடிபட்ட அணிக்குச் சாதகமென்று ஆட்டத்தை நிறுத்தாமல் விடுவதிலும், இதே சீர்கேடுதான். ஆட்டத்தைத் தொடரவிட்டாலும், அபாயமாக உதைத்தவருக்குரிய மஞ்சள் அட்டையைப் பந்து அடுத்து நின்றதும் காட்ட வேண்டும். நம் மைதானங்களில் பந்து வெளியே போனதும் அதை மறந்துவிடுகிறார்கள். அடிபட்டவனை வெளியே அனுப்பிவிட்டு, அடித்தவனை உள்ளே வைத்துக்கொண்டு ஆடுவது இன்னொரு அநியாயம். அடித்தவருக்கு அட்டை காட்டப்பட்டால், அடிபட்டவர் மைதானத்துக்குள்ளேயே விரைவாகச் சிகிச்சை பெற்றுத் தொடர்ந்து ஆடலாம். 2016 இலிருந்து இது விதியில் இருக்கிறது. அட்டையே காட்டாவிட்டால் அந்தச் சலுகையும் கிடையாது. அவனது அணி அந்த நேரம் பத்துப் பேரோடு நிற்கிறது.

1966 உலகக் கிண்ணத்தில் பெலேயை முதலில் பல்கேரியரும் பிறகு போர்த்துக்கல் வீரர்களும் உதைத்து நொண்டவைத்தார்கள். மாற்று வீரரை இறக்கவும் அன்று வழியில்லை. அடுத்த உலகக் கிண்ணத்தில், 1970 இல், மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. 1983 இல் பார்சிலோனாவுக்கு ஆடிய மரடோனாவின் கணுக்காலைப் பின்னாலிருந்து வந்த ஒரு பாய்ச்சல் முறித்தது. அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்களுக்கே அந்தக் கதி. அவர்களுக்குக் கழகமும் வைத்தியரும் இருந்தார்கள். நம் பிள்ளைக்கு முழங்கால் இணைநார் அறுந்தால் சத்திரசிகிச்சையும் மாதக்கணக்கான பயிற்சியும் வேண்டும். கடலுக்கோ மேசன் வேலைக்கோ போகிற வீட்டில் அந்த மாதங்களை யார் தாங்குவது?

சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களும் பதில் சொல்ல வேண்டும். மின்னொளி, ஒலிபெருக்கி, வெற்றிக்கேடயம் எல்லாவற்றுக்கும் பணம் சேர்கிறது. ஒரு பெட்டி ஐஸும் ஒரு ஸ்ரெச்சரும் இல்லை. போட்டியை நடத்தும் கழகத்திலிருந்தே கோட்டு மத்தியஸ்தர்களைப் பிடித்து நிறுத்துகிறார்கள். கண்ணுக்கு முன்னால் நடக்கும் உதைக்கும் கொடி எழும்பாது. காற்பாதுகாப்புக் கவசம் 4ஆம் விதிப்படி கட்டாயம். இங்கே காலுறைக்குள் அட்டைத்துண்டைச் செருகிக்கொண்டு வருபவனையும் ஆடவிடுகிறார்கள். நல்ல கவசம்கூட முன்காலைத்தான் காக்கும். குதிக்காலையும் கணுக்காலின் பின்பக்கத்தையும் மத்தியஸ்தர்தான் காக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மனதைக் குடைவது ஒன்றுண்டு. ஓர் ஊரில் சிவப்பு அட்டை வாங்கியவர் மறுநாள் அடுத்த ஊர்ச் சுற்றுப்போட்டியில் முழு ஆட்டமும் ஆடுகிறார். அட்டைக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்ததாக நடத்துபவரிடம் கொடுக்க ஆளில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் 22, 23 வயதில் சப்பாத்தைக் கழற்றி வைப்பது இதனால்தான். பிறகு வடக்கிலிருந்து தேசிய அணிக்கு ஏன் அதிகம் பேர் போவதில்லை என்று நாமே கேட்கிறோம்.

தங்களிடம் கேட்பது பெரிய உதவியல்ல. கோல் அடித்தவரின் பெயரையும் நிமிடத்தையும் போடுகிற இடத்திலேயே, அட்டை வாங்கியவரின் பெயரையும் நிமிடத்தையும் காரணத்தையும் போடுங்கள். காயப்பட்டு வெளியேறியவர் எந்த நிமிடத்தில், யாருடைய மோதலில் வெளியேறினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு வரிதான். அந்த இறுதியாட்டத்துக்கே இனியும் ஒரு திருத்தம் போடலாம். தங்கள் நிருபர் அங்கே நின்றவர், அவருக்கு எல்லாம் தெரியும்.

இங்ஙனம்,
கழகப் பயிற்றுநர் ஒருவர்,
குருநகர், யாழ்ப்பாணம்.