வெட்டினால் நீலமாகும் காளான்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மலைக்காட்டுக் காளான்கள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் அதில் "வெட்டினால் நீலமாவது நஞ்சு, நிறம் மாறாதது நல்லது" என்று இருந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். கோடை முடிந்ததும் சுவிஸில் எங்கள் ஆட்களும் பிள்ளைகளோடு கூடை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். அந்த வரியை நம்பி யாரும் கறி வைத்துவிடக் கூடாது.

ஆட்களைக் கொல்லும் அமனிட்டா ஃபலோயிடஸ் காளானை வெட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகவே இருக்கும். மறுபக்கம், இங்கே பலரும் விரும்பிச் சமைக்கும், டொச் (ஜெர்மன்) மொழியில் மரோனன்ரூர்லிங் எனப்படும் காளானின் அடிப்பக்கத்தை அழுத்தினால் விரல் பட்ட இடம் நீலமாகும். வேரிகேட்டிக் அமிலம் போன்ற நிறமிகள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் வரும் நிறம் அது. நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குடைக்கு அடியில் மடல்களுக்குப் பதிலாகப் பஞ்சு போன்ற நுண்துளைகள் உள்ள இந்த இனங்களில், ஆளை அதிகம் குழப்புவது ஃப்ளொக்கன்ஸ்டீலிகர் ஹெக்ஸன்ரூர்லிங். இளசில் அதன் குடை கரும்பழுப்பாக, வெல்வெட் போல இருக்கும். முற்றி, மழையும் வெயிலும் பட்டபின் வழுவழுப்பாகி வெளிறிவிடும். முழுக்க மஞ்சளாக முளைக்கும் வகையும் உண்டு. நுண்துளைகளும் முதலில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், சிவப்பு என்று மாறிக்கொண்டே போகும். ஒரே மரத்தடியில் நிற்கும் இரண்டை வேறு வேறு இனம் என்று எவரும் சொல்லிவிடலாம். மேலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கைத்தொலைபேசிச் செயலிக்குக் காட்டிப் பெயர் கேட்பதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

குடையை விடத் தண்டுதான் நம்பிக்கையானது. இதன் தண்டில் மஞ்சள் நிறத்தின் மேல் நுண்ணிய சிவப்புப் புள்ளிகள் இருக்கும், வலைக்கோடு இராது. வெட்டினால் மஞ்சள் சதை கண்ணிமைக்கும் நேரத்தில் கருநீலமாகும். வலைக்கோடு தெளிவாகத் தெரிந்தால் அது நெட்ஸ்டீலிகர் ஹெக்ஸன்ரூர்லிங்காக இருக்கலாம். குடை சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்டு பருத்து, சதை மெதுவாக இலேசான நீலமாகி, முற்றியதில் நாற்றமும் அடித்தால், அது கடும் சத்தியும் வயிற்றோட்டமும் கொடுக்கும் சாட்டன்ஸ்ரூர்லிங் என்று சந்தேகப்பட வேண்டும். மண்ணையும் பாருங்கள். சாட்டன்ஸ்ரூர்லிங் ஜூரா மலைப்பகுதியில் உள்ளது போன்ற சுண்ணாம்பு மண்ணில், வெப்பமான பீச் மரக் காடுகளில் வளர்வது. ஃப்ளொக்கன்ஸ்டீலிகருக்குப் பிடித்தது பெரும்பாலும் அமிலத்தன்மையுள்ள மண். ஆகவே தண்டை இடையில் அறுக்காமல் அடியோடு பிடுங்கி, பக்கத்தில் நின்ற மரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். இளசும் முற்றியதுமாக ஒவ்வொன்று இருந்தால் இன்னும் நல்லது.

இத்தனையும் பார்த்த பிறகும் முடிவை நாங்களே எடுக்கத் தேவையில்லை. சுவிஸில் பல ஊர்களில் பயிற்சி பெற்ற காளான் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். பில்ட்ஸ்கொன்ட்ரோல் (காளான் பரிசோதனை) என்று கேட்டால் நகரசபையில் வழிகாட்டுவார்கள். அனேக இடங்களில் காசும் வாங்குவதில்லை. டொச் சரளமாக வராது என்று கூச்சப்பட்டு எங்கள் பெரியவர்கள் அங்கே போகாமல் இருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கூடையை மேசையில் வைத்தாலே போதும், அவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கடைப் பொதியிலேயே எல்லாம் தெரிந்த இனம் என்றில்லை: லண்டனில் வாங்கிய உலர்காளான் பொதி ஒன்றை மரபணு வழியாக ஆராய்ந்தபோது, அறிவியலில் அதுவரை பெயரிடப்படாத 3 இனங்கள் அதில் இருந்ததை 2014 இல் வெளியிட்டார்கள்.

பரிசோதகர் நல்லது என்று சொன்னாலும் ஹெக்ஸன்ரூர்லிங்கை 20 நிமிடமாவது நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும்.

நத்தை தின்றது மனிதருக்கும் ஆகும், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் பயமில்லை என்ற பேச்சுகளும் எங்களிடையே உலவுகின்றன. இரண்டும் பொய். அமனிட்டாவை நத்தை தாராளமாகத் தின்னும். அதை உண்டவருக்கு வாந்தி தொடங்கவே பல மணி நேரம் ஆகும், ஈரல் பாதிக்கப்படுவது அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும்.

திருத்தத்தை அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். நஞ்சுத் தகவல் நிலையமான டொக்ஸ் இன்ஃபோ சுவிஸின் 145 என்ற 24 மணிநேர இலக்கத்தையும் அதன் கீழே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

அன்புடன்,
வாசகி ஒருவர்,
பேர்ண், சுவிற்சர்லாந்து