கண்ணுக்கு அம்மா எழுதுவது

கண்ணு,

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம். அது உன் இஷ்டம், மாப்பிள்ளை வீட்டில் யார் கேட்டாலும் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் "என் கர்ப்பப்பையே கோளாறும்மா" என்கிறாயே, பிரசவ வார்டில் நர்ஸாகவே காலத்தை ஓட்டியவளிடம் அதைச் சொல்லாதே.

வலி வரும்போது கர்ப்பப்பை இறுகும், அப்போது நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையும், தளர்ந்தால்தான் குழந்தைக்குத் திரும்பவும் சீராகக் கிடைக்கும். அதனால் வலியை விட நடுவில் விடுகிற நேரத்தைத்தான் நாங்கள் பார்ப்போம். வயிற்றின் மேல்பக்கம் கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவோம், விரலால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுகியிருந்தால் பலமான வலி. அரை மணி நேரம் எண்ணி, சராசரியாக 10 நிமிஷத்துக்கு 5 வலிக்கு மேல் வந்தால் அது அளவு மீறியது.

உனக்கு நடந்தது அதுதான். வலியைக் கூட்டுகிற ஆக்ஸிடோசின் மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள், சொட்டைக் கூட்டக் கூட்ட மூச்சு விட இடமில்லாமல் வலி மேல் வலி. பாப்பாவின் துடிப்பு இறங்கியதும் ட்ரிப்ஸை நிறுத்தி இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கியது இல்லையா? அப்புறம் உன் உடம்பை ஏன் திட்டுகிறாய்? சில பேருக்குக் கொஞ்ச மருந்தே அதிகமாகிவிடும்.

அடுத்த தடவையும் இப்படித்தான் ஆகும் என்று கிடையாது. மருந்தே இல்லாமல் வலி கண்டு 3 மணி நேரத்துக்குள் பெற்றவர்களுக்கு அடுத்ததும் அப்படியே வேகமாக வரலாம், அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உன் கதை வேறு. பொதுவாகவே இரண்டாவது சீக்கிரம் ஆகிவிடும், அதனால் நீயும் வலி கண்டபின் குளித்துத் தலை வாரிக்கொண்டு நிற்காதே. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கிற வசதி இருக்கிற இடமாகப் பார்த்துக்கொள்ளலாம். தாங்கித்தான் பெற வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

எனக்குக் கோபமே அந்த டிஸ்சார்ஜ் சம்மரி மேல்தான். "நார்மல் டெலிவரி" என்று ஒரே வரி, ட்ரிப்ஸை நிறுத்தியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்து பார்க்கிற டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடு, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அதே விதிப்படி ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை 3 வருஷம் வைத்திருந்தால் போதும், பாப்பாவுக்கு இரண்டு முடிந்துவிட்டது, அதனால் இந்த வாரமே போ. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள். கிடைத்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, சொட்டுக் கணக்கும் நேரமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி.

அம்மா