ஓட்டியவர்களையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் குடும்பத்தோடு மைசூர் போயிருந்தோம். ஊர் திரும்பும் நாளில், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். 1979ல் தொடங்கியது, டெல்லிக்கு அடுத்தபடியாக நாட்டில் வந்தது இதுதான். மைசூர் மகாராணி பயணம் செய்த 1899ஆம் ஆண்டு சலூன் என்ற சொகுசு ரயில் பெட்டி சமையலறையோடு இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்த்தோம்.

அப்பா மதுரைப் பக்கம் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை) நீராவி எஞ்சின்களில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தவர். வயது 78. பழைய எஞ்சின் ஒன்றைக் கண்டதும் என் மகன் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். அப்புறம் முக்கால் மணி நேரம் இறங்கவே இல்லை.

கரியை அள்ளிக் கொட்டினால் போதாதாம். அடுப்பின் நாலு மூலைக்கும் மெல்லிசாக வீச வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் புகைதான் வரும், ஸ்டீம் ஏறாது. கண்ணாடிக் குழாயில் பாய்லரின் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பின் மேல்தகட்டுக்கும் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால், அதில் வைத்திருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி உள்ளே பாய்ந்து தீயை அமுக்கும். பாய்லர் வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வராது என்பதற்கு அத்தாட்சி ஓர் இரும்புக் குண்டு. வண்டி நிற்காத ஸ்டேஷனில், பிரம்பு வளையத்தோடு கட்டிய பையில் அதைப் போட்டு நீட்டுவார்கள். ஓடும் எஞ்சினிலிருந்து கையை நுழைத்து வாங்க வேண்டும். ஒரு மழை இரவில் கணக்குத் தப்பி, வளையம் முழங்கையைக் கிழித்துவிட்டதாம். அந்தத் தழும்பைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எப்படி வந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

இதற்குள் கீழே பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "தாத்தா, பெட்டி தனியா கழண்டுட்டா?" என்று ஒரு பையன் கேட்டான். பெட்டிகளை இணைத்து ஓடும், காற்றை உறிஞ்சி எடுத்த வாக்குவம் குழாய் அறுந்தால் காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று கையால் செய்து காட்டினார்.

எல்லா ரயில் பாதையையும் அகலமாக்கும் திட்டம் 1992ல் வந்தது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையையும் 2010ல் மூடி, 2018ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். ஊட்டி ரயிலை விட்டால் நம் பக்கம் மீட்டர் கேஜ் மிச்சமில்லை. எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்து இன்னும் நூறு வருஷம் வைத்திருக்கலாம். அதில் கரி போட்டவர்களுக்கோ இப்போதே எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது.

சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அருங்காட்சியகத்திலும் திருச்சி ரயில்வே பாரம்பரிய மையத்திலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமாவது ஓய்வுபெற்ற டிரைவர்களையும் ஃபயர்மேன்களையும் உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே பதிவுசெய்து வைக்க வேண்டும். ரயில்வே அதிகாரிகள் கண்ணில் படும்படி இதை வெளியிடுங்கள். அப்பா திருச்சிக்கு வர இப்போதே தயார். போக வர அவரிடம் பாஸ் இருக்கிறது.

– ஒரு வாசகி, மதுரை